பொம்மைக்குக் கட்டிய பிளாட்பாரம்

மாலைப் பாரத்தால் கழுத்து வளைந்தும் மனம் வளையாமல் வீற்றிருக்கும் கண்காட்சிக் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன் அவர்களே, மீசை நரைத்தும் ஆசை நரைக்காத பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் அன்னைமார்களே, கட்டிலோடு தூக்கி வரப்பட்டிருக்கும் காத்தாயி அவர்களே, செம்பாறைப்பட்டிச் செல்வங்களே, அனைவருக்கும் கொத்தன் குழந்தைசாமியின் வணக்கம்.

நன்றி சொல்லச் சொல்லி என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானா விட்டேன்? அதுதான் விட்டது. ஆகவே சொல்லில் குற்றம் இருந்தால் வாத்தியாரைக் கேளுங்கள். பொருளில் குற்றம் இருந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

எதற்கு நன்றி? புதுக்கோட்டைக் கண்காட்சியில் பொம்மை ரயில் ஓடியதே, அதற்கு. சாவி கொடுத்தால் ஓடும் சீமை வண்டி. பெரிய மேசை, வளைந்து வளைந்து தண்டவாளம், சாயம் தோய்த்த மரத்தூளில் புல்தரை. அதில் நம் ஊர் ஸ்டேஷனும் உண்டு. அதற்குப் பிளாட்பாரம் கட்டும் பாக்கியம் எனக்கு. மாடி கட்டிய கை, மதில் கட்டிய கை, மண்டபம் கட்டிய கை, உள்ளங்கை அகலப் பிளாட்பாரத்தில் திணறிப்போனது.

தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து அடுக்கினேன். மேலே சுண்ணாம்புச் சாந்து, முட்டை வெண்கருவில் மெருகு. வண்டியை நேர்த் தண்டவாளத்தில் நிறுத்தி அளவெடுத்து, அதை ஒட்டினாற்போல் விளிம்பு வைத்தேன். ஓடவிட்டால் பெட்டி இடித்துக் குப்புற விழுந்தது. ஏன்? நம் ஸ்டேஷன் இருப்பது வளைவில். நேரில் நிற்கும்போது ஒல்லியாக இருக்கிற பெட்டி, வளையும்போது வயிற்றைத் தள்ளுகிறது. சிரிக்காதீங்க சோலையப்பன், பந்தியில நீங்களும் அப்படித்தான். அரத்தால் ராவி ராவி விளிம்பைக் குறைத்தேன். வண்டி உரசாமல் போனது.

தலைவர் வந்து குனிந்து பார்த்தார். கட்டைவிரல் உயரத்தில் களிமண் பொம்மைகள். கோல் ஊன்றிய கிழவி பொம்மையைத் தொட்டு, "ஏம்ப்பா கொத்தனாரே, இந்தக் கெழவி எப்புடி மேல ஏறும்? பாவமில்லையா? ஓரத்துல ஒரு சாய்மானம் வச்சுக் குடு" என்றார்.

வைத்தேன் ஐயா. களிமண் கால் நோகக் கூடாதென்று வழவழவென்று வைத்தேன். பரிசும் வந்தது, பாராட்டும் வந்தது, இந்தப் பந்தலும் வந்தது. பிளாட்பாரம் வந்ததா?

ரயில்காரரிடம் நமக்காக எடுத்துச் சொல்லக்கூடியவர் என்று இதே தலைவரிடம்தானே ஊரே போய் நின்றோம்? "பத்துப் பேரு எறங்குற ஊருக்கு எதுக்குய்யா பிளாட்பாரம்? குதிச்சு எறங்கிப் பழகுங்க" என்றீர்களே, சொன்னீர்களா இல்லையா? நெளிகிறீர்கள். மாலை உறுத்துகிறதோ?

குதித்தாள் காத்தாயி. தலையில் தயிர்ப்பானை, காலடியில் கருங்கல் ஜல்லி. பானையும் போனது, இடுப்பும் போனது. இந்த வயதில்... அதோ, கட்டிலில் இருந்து என்ன சொல்கிறாள், கேட்டீர்களா? "ஏய் கொத்தனாரே, இடுப்பப் பத்திப் பேசு. வயசப் பத்திப் பேசுன, எந்திரிச்சு வந்துருவேன்." நீ எந்திரிச்சு வந்தா நான் எதுக்குத் தாயி பேசப் போறேன்? வயசு பதினாறுன்னே வச்சுக்குவோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நாலு பேர் அவளை மூட்டைபோல் பெட்டிக்குள் தள்ளுகிறோம். அவள் வலியில் பல்லைக் கடிக்கிறாள், நாங்கள் வேறு பக்கம் பார்க்கிறோம். களிமண் கிழவிக்குச் சாய்மானம், சதையும் எலும்புமான கிழவிக்குக் கருங்கல்லா? விழுந்தாலும் வலிக்காதவளுக்கு இரக்கம், விழுந்து கிடப்பவளுக்கு உபதேசமா? உங்கள் கண்ணில் படுவதற்கு நாங்களும் கட்டைவிரல் உயரத்துக்குக் குறைய வேண்டுமா?

பேச்சை முடிக்கச் சொல்லி மணி அடிக்கிறீங்களா? அடிங்க. ரயில் மணிக்கே அசையாத ஊரு இது.

இன்று காலை தலைவர் எப்படி வந்து இறங்கினார்? பள்ளிக்கூடத்து பெஞ்சைத் தூக்கிப் போய்ப் பெட்டி வாசலில் போட்டோம். மேலே ஜமக்காளம் விரித்தோம். கைபிடித்து இறக்கினோம். அப்போது யாரும் தலை எண்ணவில்லை. இறங்கியது ஒரே தலை.

மாலை வண்டிக்கும் அந்த பெஞ்சு வரும். ஆனால் அது காத்தாயிக்கு. அவளும் அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஊர் கூடிப் பேசியாகிவிட்டது. அவளை ஏற்றியதும் பெஞ்சு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடும். தாங்கள் எங்களைப் போலக் கம்பியைப் பிடித்துத் தாவ வேண்டியதுதான். முடியாவிட்டால் கூச்சப்படாமல் கையை மட்டும் உயர்த்துங்கள். தூக்கித் தள்ளிப் பழகிய நாலு பேர் கீழே நிற்பார்கள்.

வந்து அமர்ந்ததற்கும், மாலையோடு என் வாயையும் தாங்கியதற்கும் தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. வண்டி வரும் நேரமாச்சு. எல்லாரும் கெளம்புங்க, தலைவர் ஏறுவதைப் பார்த்து வழியனுப்பிவிட்டு வருவோம். வணக்கம்.