சைரன் மூணு, லைட் நாலு

— அந்தக் கோட்டக் கழட்டி வச்சிட்டு பேப்பர்ல வந்த இந்தப் போட்டோவப் பாருங்க அண்ணாச்சி.

— நூறு தடவ பாத்தாச்சு உமா. ‘குற்றாலத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரைக் காத்த தென்காசி இயந்திரம்’. கீழ என் பேரு, நம்பிராஜன், உரிமையாளர். பக்கத்துல நான். வயிறுதான் கொஞ்சம் முன்னால நிக்கு. நாளைக்கு மேடையில விருது வாங்கயில கோட்டுக்கு பட்டன் போட்டுட்டா தெரியாது, கேட்டியா.

— உங்க வயித்த யாரு பாக்கச் சொன்னா? வயித்துக்குப் பின்னால மெஷின் நிக்குல்லா, அதோட திரையப் பாருங்க. சைரனுக்கு நேர என்ன நம்பரு?

— நாலு.

— அதுக்கு மேல, பெயிண்டர வச்சு எழுதி மாட்டுனியளே தகரப் பலகை, அதுல?

— ‘சைரன் மூணு, லைட் நாலு.’ ஏதோ மாறி நிக்கு. இருந்துட்டுப் போட்டும். அன்னைக்கு சைரன் ஊதிச்சா இல்லியா? ஆறு மணிக்கு ஊதிச்சு. சனம் பூரா அருவிய விட்டு வெளிய வந்துட்டு. ஆறு இருவதுக்கு வெள்ளம். ஒரு உசுரு போவல. இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?

— மலை மேல தண்ணி அளக்குத கருவி, வெள்ளம் ஏறுதுன்னு சொன்னதே ஆறு பன்னெண்டுக்குத்தான். பதிவுல கெடக்கு. அது சொல்லி எட்டு நிமிஷத்துல தண்ணி கீழ வந்துட்டு. அப்பம் ஆறு மணிக்கு சைரன ஊதச் சொன்னது யாரு?

— குற்றாலநாதர்னு வச்சுக்கோ.

— குற்றாலநாதர் இல்ல. பொம்பளையாளு துணி மாத்துத ரூமு லைட்டு.

— என்னது?

— லைட்டு அண்ணாச்சி. குண்டு பல்பு. நாளைக்கு மேடையில கோட்டு போட்டு ஏத்த வேண்டியது அதத்தான்.

— ஏம்மா, நான் பி.காம். படிச்சவன். வெளங்குத மாதிரி சொல்லு.

— மெஷினுக்குள்ள ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு தபால் பெட்டி இருக்கு. பெட்டிக்கு நம்பர் போட்டுக் குடுக்குதது அடியில ஓடுத தாய் புரோகிராம், கெர்னல். சைரனோட பெட்டி மூணு, லைட்டோட பெட்டி நாலு. தண்ணி அளக்குத புரோகிராம், வெள்ளம்னா மூணாம் பெட்டியில ‘ஆன்’னு போடும். கடிகார புரோகிராம், சாயங்காலம் ஆறு மணின்னா நாலாம் பெட்டியில ‘ஆன்’னு போடும். வெளங்குதா?

— இதுவரைக்கும் வெளங்குது.

— அன்னைக்கு மத்தியானம் கரண்டு கூடிக் கொறஞ்சு வந்துச்சு. அதுல சைரன் புரோகிராமும் லைட்டு புரோகிராமும் செத்துப் பொழச்சுது. பழைய பெட்டி ரெண்டும் அழிஞ்சு போச்சு. லைட்டு முந்தி எந்திரிச்சுது. காலியாக் கெடந்த மூணாம் நம்பர் அதுக்குப் போயிட்டு. சைரன் பிந்தி வந்துது, அதுக்கு நாலு. ஆனா சேதி அனுப்புத ரெண்டு பேரும் சாவல. அவங்க கையில இருக்கது பழைய நம்பரு.

— அப்பம் ஆறு மணிக்கு...

— கடிகாரம் ‘லைட்டப் போடு’ன்னு நாலாம் பெட்டியில சொல்லிச்சு. நாலுல குடியிருக்கது சைரன். ஊதிட்டு. ஆறு பன்னெண்டுக்குத் தண்ணி அளக்குத புரோகிராம் ‘வெள்ளம், ஊது’ன்னு மூணாம் பெட்டியில சொல்லிச்சு. மூணுல இருக்கது லைட்டு. எரிஞ்சுது. மழத்தண்ணியப் பாத்து பல்பு போட்ட மெஷினுக்கு விருது குடுக்காவ, நீங்க கோட்டு தைச்சிருக்கிய.

— அதுக்குப் பெறவு தினமும் ஆறு மணிக்கு ஊதுதே, அது?

— அதே பல்புதான். ஏன் ஊதுதுன்னு தெரியாம ‘தினசரி சோதனைச் சைரன்’னு போர்டு வச்சியளே, என்னா மூள. ஊரே மெச்சிட்டு.

— ஆறு மணிக்குக் கூட்டம் தானாக் கலையுது, நல்லதுதான?

— ரொம்ப நல்லது. அங்கன துணி மாத்துத ரூம்ல பன்னெண்டு நாளா லைட்டு இல்ல. வெள்ளம் வந்த அன்னைக்கு மட்டும் எரிஞ்சுது. பொம்பளையாளு செல்போன் வெளிச்சத்துல ஈரச்சேலைய மாத்துதாவ. காவலுக்கு இருக்க மாடத்தியக்கா தினமும் எனக்கு போன் போட்டு ஏசுதாவ. எலக்ட்ரீஷியன் நல்ல பல்பக் கழட்டிட்டு நல்ல பல்ப மாட்டுதான், மூணு தடவ.

— இங்க பாரு உமா, கெர்னல எழுதுனது நீ. அப்பம் தப்பு ஒன் பேர்லதான நிக்கு?

— நான் மொதல்ல எழுதுனது இப்படி இல்ல. ஒரு பெட்டி அழிஞ்சா, அந்த எடத்துக்கு அடுத்து வாரவனுக்குப் பழைய நம்பர் கெடைக்காது. எத்தனாவது குடித்தனம்னு எண்ணி முன்னால சேத்துரும். மூணாம் எடத்துல மொத ஆளு நூத்தி மூணு, அடுத்த ஆளு எரநூத்தி மூணு. எவனாவது நூத்தி மூணுக்கு சேதி போட்டா, ‘அவரு இங்கன இல்ல, புது நம்பர் கேட்டுட்டு வா’ன்னு கெர்னல் திருப்பி அனுப்பிரும். அதத் தூக்கச் சொன்னது யாரு?

— யாரு?

— நீங்கதான். தை மாசம். ‘கரண்டு போயி வந்தா நம்பர் மாறுது, பலகையில எழுதுனது பொய்யாப் போவுது, தடவைக்குத் தடவ பெயிண்டரக் கூட்டிட்டு வரவா’ன்னு கேட்டிய. ஒரு தகரத்துக்காக கெர்னல மாத்துன கம்பெனி நம்ம கம்பெனி ஒண்ணுதான்.

— வார ஆபீசருங்க பலகையப் பாக்காவ, திரையப் பாக்காவ. ரெண்டும் ஒத்துப் போவாண்டாமா? நீ மாட்டேன்னு சொல்லிருக்கணும்.

— சொன்னேன். ‘மெட்ராஸ்ல நைட் ஷிஃப்ட் பாக்க முடியாம ஓடி வந்தவளுக்கு இம்புட்டு ரோசமா’ன்னிய. வாய மூடிட்டு மாத்திக் குடுத்தேன். செருப்பால அடிச்சா ரெண்டு பேரையும் சேத்துத்தான் அடிக்கணும், என்ன விட்டுற வேண்டாம்.

— சரி, நடந்தது நடந்துட்டு. இப்பம் என்ன செய்யணும்ங்குத?

— மெஷின் கூண்டுச் சாவியக் குடுங்க. பைக்குல போனா இருவது நிமிஷம். பழைய கெர்னல ஏத்திட்டு வந்துருதேன்.

— இங்கன இருந்து முடியாதா?

— எவனாவது உள்ள பூந்துருவான்னு அந்த நெட்டு வழிய அடைச்சுப் பூட்டுப் போட்டதும் நீங்கதான.

— மெஷின நிப்பாட்டுனா மேலாபீசுக்கு ‘செயலிழந்தது’ன்னு மெசேஜ் போயிரும்லா. விருதுக்கு மொத நாளா? ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் நாளைக்குத்தான் ஆர்டர் கையெழுத்து ஆவுது. அதுவும் சந்தனம் வச்சு மாலை போட்ட மெஷினு. கைய வச்சா ராசி போயிரும். நாளைக்கு நான் மேடைய விட்டு எறங்குன நிமிஷம் சாவி ஒன் கையில.

— அதுக்குள்ள வெள்ளம் வந்தா?

— வராது.

— வந்தா என்ன ஆவும்னு சொல்லுங்க. இம்புட்டு நேரம் சொன்னது வெளங்கிச்சான்னு பாப்போம்.

— ...லைட்டு எரியும்.

— அம்புட்டுதான். பட்டப்பகல்ல ஒரு பல்பு எரியும். கீழ சனிக்கிழமைக் கூட்டம், பச்சப்புள்ளைகளத் தோள்ல வச்சிக்கிட்டு தலையக் குடுத்து நிப்பாவ. சைரனுக்கு ஒண்ணும் தெரியாது. விசில் ஊத நின்ன ஆறு பேரையும் ‘மெஷின் இருக்கு, எதுக்கு ஆளு’ன்னு பேசி வீட்டுக்கு அனுப்ப வச்சாச்சு.

— வெளிய பாரு, என்னா வெயிலு. ஒரு பொட்டுச் சாரல் உண்டா?

— தென்காசி வெயில ஜன்னல்ல பாக்குதிய. அந்தப் பக்கத்து ஜன்னலத் தொறந்து மலையப் பாருங்க. காலையில இருந்து கருத்துக் கெடக்கு.

— சும்மா பயங்காட்டாத. பதினெட்டு மணி நேரம் போச்சுன்னா மேடை, அதுக்குள்ள ஒலகம் அழிஞ்சுராது. ஒன் போன் அடிக்கு பாரு, எடு.

— மாடத்தியக்காதான். எப்பம் லைட்டு வரும்னு இன்னைக்கும் ஏசப் போறாவ. ஸ்பீக்கர்ல போடுதேன், வாங்குத வசவ நீங்களும் வாங்கிக்கோங்க. சொல்லுங்கக்கா.

— உமா தாயி, நீ நல்லா இருப்ப! பன்னெண்டு நாளு தொண்ட கிழியக் கத்துனேன், ஒருத்தனும் காதுல வாங்கல. கடசியில நீதான் செஞ்சு குடுத்துருக்க.

— நான் ஒண்ணும் செய்யலியேக்கா.

— கேட்டியா உமா, கேட்டியா? தானாச் சரியாயிட்டு. இதுக்குப் போயி பெட்டிங்குத, குடித்தனம்ங்குத, என்னையச் செருப்பால அடிக்கணும்ங்குத. ஏ மாடத்தி, நான் நம்பிராஜன் பேசுதேன். லைட்டு எரிஞ்சிட்டா?

— எரிஞ்சிட்டு அண்ணாச்சி. ரூமே பளபளன்னு இருக்கு. இப்பம் அஞ்சு நிமிஷம் இருக்கும். ஆனா மணி மூணே முக்காலுக்கு எதுக்கு எரியுது? இன்னும் பொழுதே அடையலியே, கரண்டுதான் வீணாப் போவுது.

— அக்கா, லைட்ட விடுங்க. அங்கன பழைய விசில் ஒண்ணு கெடக்கா?