பன்னிரண்டு கட்டில், ஒரே பட்டியல்

இன்றைக்கு முறையாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் ஐயா. அதனால் எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகச் சொல்கிறேன்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நிரல் எழுதுவது என் வேலை. அறுவைச் சிகிச்சை வார்டில் மருந்துச் சீட்டுகளை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் திரையிலேயே காட்ட ஏற்பாடானது. அந்த நிரலை எழுதியவன் நான். எங்கள் பிரிவின் தலைவர் என் சகலை, மனைவியின் அக்காள் கணவர். பெரிய மருத்துவரிடம் அவர் என்னை அறிமுகப்படுத்தியபோது, "நம்ம தம்பிதான், நான் சொல்றதை டைப் பண்ணுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மருந்துப் பட்டியல், பன்னிரண்டும் ஒரு பெரிய பட்டியலுக்குள். நான் ஒரு வெற்றுப் பட்டியலை எழுதி அதைப் பன்னிரண்டால் பெருக்கினேன். பார்த்தால் பன்னிரண்டு தெரியும். உண்மையில் இருப்பது ஒன்றுதான். அந்த ஒன்றையே பன்னிரண்டு இடத்திலிருந்தும் நிரல் சுட்டும். ஒரு கட்டிலில் மருந்தைச் சேர்த்தால் எல்லாக் கட்டில்களிலும் சேர்ந்துவிடும். புதிதாகப் படிக்கிறவர்கள் செய்கிற பிழை. கவனக்குறைவாகத்தான் செய்தேன், அதை நம்புங்கள்.

நிரல் வார்டுக்குப் போவதற்கு முதல்நாள் அதைக் கண்டுபிடித்தேன். ஒரு வரியை மாற்றினால் போதும். சகலையிடம் சொல்லத்தான் போனேன். அவர் என் கையிலிருந்த சோதனைத் தாளை வாங்கி, நிரலை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "வேற ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணா என்றேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வார்டுச் செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். இருபது வருட அனுபவமுள்ள அம்மா. எதையும் இரண்டு தடவை கேட்காமல் செய்யமாட்டார்.

"சார், மூணாம் கட்டிலுக்குப் போட்ட இன்சுலின் எல்லாருக்கும் காட்டுது. பாதிப் பேரு ஆபரேஷனுக்காக வெறும் வயித்துல இருக்காங்க. போடலாமா?"

பெரிய மருத்துவரிடம் கேட்கலாமா என்றும் கேட்டார். அவர் அறுவை அரங்கில் இருந்தார்.

"திரையில வந்துட்டா டாக்டர் உத்தரவுதான் சிஸ்டர். நீங்க போடுங்க" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். ஊசி போட்டது என் கை இல்லை.

சிலருக்கு மயக்கம் வரும், விசாரணை வரும், அந்தச் சோதனைத் தாளை எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. பதினோரு பேருக்குத் தவறான ஊசி போயிற்று. ஒன்பது பேரைக் காப்பாற்றிவிட்டார்கள். குடலிறக்கத்துக்காக வந்திருந்த ஓர் ஆசிரியை, எட்டாம் கட்டிலில் இருந்த பேருந்து ஓட்டுநர், இருவரும் போய்விட்டார்கள். தூங்குகிறார்கள் என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்தார்களாம்.

எட்டாம் கட்டிலைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அன்று காலை எட்டு மணிவரை அதில் படுத்திருந்தவர் என் மாமியார். பித்தப்பைக் கல். மின்விசிறிச் சத்தத்தில் அவருக்குத் தூக்கமில்லை என்று சொல்லி, நானே கையெழுத்துப் போட்டு மேல்மாடி வார்டுக்கு மாற்றினேன். சக்கர நாற்காலியையும் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். "மூத்த மாப்பிள்ளைக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம், நீங்கதான் எனக்குப் பிள்ளை மாதிரி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஈரமில்லாதவன் இல்லை ஐயா. காலியான கட்டிலில் யாரைப் படுக்கவைப்பார்கள் என்பது என் பொறுப்பில் வராது.

அன்று பிற்பகலே அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டேன். பிறகு விசாரித்தவர்கள் பார்த்தபோது நிரல் சரியாகவே ஓடியது. 'நான்தான் ஊசி போட்டேன், எனக்கே சந்தேகமா இருந்துச்சு, இருந்தும் போட்டேன்' என்று செவிலியர் சொன்னார். என்னோடு பேசியதையும் சொன்னார். அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றேன். அவரைக் கைது செய்தீர்கள். விசாரணைக் குழுவுக்குத் தலைவராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? என் சகலையை. சோதனைத் தாளை எவரும் கேட்கவே இல்லை.

நேற்று அவருடைய குழுவின் அறிக்கை வந்தது. செவிலியரின் கவனக்குறைவு என்று முடித்திருந்தார். இரவெல்லாம் யோசித்தேன். ஒரு நிரபராதி உள்ளே இருக்கும்போது மனசாட்சியுள்ளவன் எப்படிச் சும்மா இருப்பான்?

ஆமாம், பிழை இருப்பது தெரிந்தேதான் விட்டேன். தெரிந்தேதான் போடச் சொன்னேன். அந்தச் செவிலியருக்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், முதல் வரியிலேயே, அந்தத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதை எழுதிவிடுங்கள்.