சர்வர் எழுதி வெச்சது

நாத்தனார்: தள்ளுங்க அண்ணி. லாக் ஃபைலைப் போய் எடிட்டர்ல திறந்து வெச்சிருக்கீங்க!

அண்ணி: நேத்து சாயங்காலம் சர்வர் ஏன் நின்னுச்சுன்னு அதுலதானே இருக்கும்? ஆனா பாரு... ஒரே கோழிக் கிறுக்கல்.

நாத்தனார்: உங்க மாமியார் கையெழுத்து மாதிரி.

அண்ணி: உங்கம்மாதானே? சாயங்காலம் சொல்றேன் இரு.

நாத்தனார்: சொல்லுங்க, சேர்ந்தே வாங்கிக் கட்டிக்கலாம். இது சாதாரண ஃபைல் இல்ல. பைனரி, மெஷினுக்கு மட்டும் புரியறது. ஜர்னல்சிடிஎல்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை அடிச்சாத்தான் படிக்கற மாதிரி வரும்.

அண்ணி: விடேன்... கெட்டுப் போயிருக்கும். மேனேஜர் கேட்டா, படிக்க முடியலன்னு சொல்லிடு.

நாத்தனார்: சொல்லலாம். ஆனா கூட்டிப் பெருக்கற அம்மா தலை உருளும்.

அண்ணி: அவங்க எதுக்கு?

நாத்தனார்: தொடப்பம் பட்டு பிளக் கழண்டுடுச்சாம். நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லப் போறாங்களாம்.

அண்ணி: இரு, ஒரு மெசேஜ் அனுப்பிக்கறேன்.

நாத்தனார்: திடீர்னு என்ன? செல்லுல யாருக்கு? எங்கண்ணனுக்கா? ஆபீஸ்லயும் விடமாட்டீங்களா அவனை?

அண்ணி: ஆமா... உங்கண்ணனுக்குத்தான். பிளக் பிடுங்கியிருந்தா லாக்ல தெரியுமா?

நாத்தனார்: பாதிப் பேச்சுல அப்படியே நின்னிருக்கும். யாராவது கமாண்ட் குடுத்து நிறுத்தியிருந்தா, ஒவ்வொண்ணா மூடிட்டு நிதானமா நிக்கும். குடுத்தது யாருன்னும் எழுதி வெச்சிடும்.

அண்ணி: பேரோடயா?

நாத்தனார்: பேரோட, நேரத்தோட. இதோ வந்துடுச்சு... ஆறு பன்னிரண்டு. பவர்ஆஃப். குடுத்தது...

அண்ணி: படிக்காத.

நாத்தனார்: ஏன்? ஒரு வரிதானே...

அண்ணி: நான்தான்டி! வீட்டுக்குக் கிளம்பற அவசரம். என் கம்ப்யூட்டரை அணைக்கறதா நெனச்சு, சர்வர் விண்டோல அடிச்சுத் தொலைச்சேன்.

நாத்தனார்: அப்ப எடிட்டர்ல திறந்தது...

அண்ணி: அந்த ஒரு வரியை அழிக்கத்தான். இந்த வாரம் வேலை நிரந்தரமாகற நேரம்... பயந்துட்டேன்.

நாத்தனார்: என்கிட்ட சொல்றதுக்கு என்ன? சரி, மேனேஜர்கிட்ட நான் பக்குவமா...

அண்ணி: வேண்டாம். அவருக்கு அப்பவே அனுப்பிட்டேன். நான்தான் பண்ணினேன், அந்தம்மாவை ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு.

நாத்தனார்: ஐயோ... எப்ப?

அண்ணி: நீ உங்கண்ணனைக் கிண்டல் பண்ணிட்டிருந்தப்ப.

நாத்தனார்: அவர் என்ன சொன்னார்?

அண்ணி: இப்பதான் வந்துச்சு. "ஒத்துக்கிட்டதே போதும். இனிமே சர்வர் விண்டோவுக்கு சிவப்புக் கலர் வெச்சுக்கோங்க"ன்னு.

நாத்தனார்: அப்பாடா! வேலை தப்பிச்சுது. வாங்க, டீ என் கணக்கு.

அண்ணி: இரு, இன்னொரு வரி இருக்கு. "எந்தம்மா?"ன்னு கேட்டிருக்கார்.

நாத்தனார்: டீக்கு நேரமாச்சு, வாங்க.

அண்ணி: ஏய், உன்னைத்தான். எந்தம்மான்னு கேக்கறார்.

நாத்தனார்: அவங்க நேத்து லீவு, அண்ணி. லாக்கை நான் நேத்தே படிச்சுட்டேன்.