கைவசம் இருந்த பிளாக்

சுதந்திர நாட்டில் ஒரு நிறுவனத்தின் ஆன்மா பத்திரிகைகளின் வழியாகத்தான் மக்களிடம் பேசுகிறது. மைசூர் வர்த்தகர் கூட்டம் ஒன்றில் இதை நான் சொன்னபோது பலமாகக் கைதட்டினார்கள். நெய் சொட்டும் மைசூர்பாகு வைக்காவிட்டால் அந்த ஆன்மா வாயைத் திறக்காது என்பதை மேடையில் சொல்லவில்லை. நிருபர்களுக்கு அது தெரியும்.

விசாரணை அதிகாரி ஐயா, நான் ஸ்டானிஸ்லாஸ், ஹேமகிரி எண்ணெய் ஆலையின் விளம்பர அதிகாரி. முன்பெல்லாம் ஆலை நடத்த அரண்மனையில் ஒருவரைத் தெரிந்தால் போதும். மந்திரிகள் வந்தார்கள், அவர்கள் காலையில் பத்திரிகை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி என்னை வேலைக்கு வைத்தார். செய்தியை நானே எழுதிக் கொடுப்பேன். நிருபர்கள் அதில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துத் தங்கள் கடமையைச் செய்வார்கள்.

படத்துக்கு பிளாக் வேண்டும். மரக்கட்டையில் அடித்த உலோகத் தகடு அது. அச்சில் வைத்தால் முகம் விழும். நாங்கள் பெங்களூருக்கு அனுப்பிச் செய்து வாங்குவோம், வந்து சேர நாளாகும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. தசரா பொருட்காட்சியில் எடுத்த படம். என் தங்கை ஜேனின் கணவர் சூசைநாதன் எண்ணெய் டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார். பாய்லர் பிரிவில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். படம் எடுக்கும்போது அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

"சும்மா எப்படி மச்சான் சிரிக்கிறது? நான் என்ன டிராமாக்காரனா?"

"கல்யாணமான புதுசுல ஜேன் வச்ச மீன் குழம்பை நெனச்சுக்கோங்க மாப்பிள்ளை."

சிரித்துவிட்டார். அதிலிருந்து ஆலையைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மாப்பிள்ளையே சிரித்தார். போனஸ் கொடுத்த செய்தியில் சிரித்தார். எண்ணெய் விலை ஏறிய செய்தியிலும் அதே சிரிப்புதான்.

அந்த வெள்ளிக்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்க்க நிருபர்களை அழைத்திருந்தேன். ஆலைக்கு ஒரே வேன். மாவிலைத் தோரணம் கட்டி வாசலில் நின்றது. டிபன் முடிந்ததும் நிருபர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கேசரி பரிமாறும்போது பாய்லர் குழாய் வெடித்தது.

"என்ன சத்தம் ரீ அது?" என்றார் ஒரு கன்னட நிருபர்.

பாய்லர் மூச்சு விடுகிறது, தினமும் உள்ளதுதான் என்றேன். எழுதிக்கொண்டார்.

மேஸ்திரி பசவராஜ் பின்கதவுக்கு வந்தான். சட்டை நனைந்திருந்தது.

"சார், சூசைக்கு உடம்பெல்லாம் வெந்துபோச்சு சார். உசிரு இருக்கு. வேன் பேக்கு சார், வேன் வேணும், சீக்கிரம் கொடுங்க."

"ஜட்கா பிடி" என்றேன்.

"ஜட்காவுக்கு டவுன் வரைக்கும் ஆளனுப்பணும் சார். உங்க தங்கச்சி புருஷன் சார் அவரு."

"தெரியும் பசவராஜ். மெதுவாப் பேசு."

ஐயா, பொறுமையாக யோசித்துப் பாருங்கள். தோரணம் கட்டிய வேனில், நிருபர்களின் கண்ணெதிரே, வெந்த மனிதரை ஏற்றியிருந்தால் மறுநாள் அதுதான் செய்தி. ஆலையின் பெயர் கெட்டால் நானூறு வீட்டு அடுப்புகள் அணையும். அந்த அடுப்புகளில் ஜேனுடையதும் ஒன்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கிராமபோனில் வேறு தட்டு வைக்கச் சொல்லிவிட்டு நிருபர்களை வேனில் ஏற்றினேன். ரங்கநாதரை அவர்கள் நிதானமாகத் தரிசித்தார்கள். நான் கிறிஸ்தவன், உள்ளே போகவில்லை. வெளியே அவர்கள் செருப்புகளுக்குக் காவலாக நின்றேன்.

சாயங்காலம் திரும்பியபோது பசவராஜ் கேட்டருகே உட்கார்ந்திருந்தான்.

"ஜட்காவுலயே போயிட்டாரு சார். பெரியாஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியுது, அதுக்குள்ள உசிரு போயிடுச்சு. வழி பூரா பின்னாடியே திரும்பித் திரும்பிப் பாக்கச் சொன்னாரு. மச்சான் வேன் அனுப்பிருப்பாரு, பாருன்னு."

ஜேனிடம் நானே சொல்கிறேன், வேறு யாரும் போக வேண்டாம் என்றேன். பத்திரிகை ஆபீஸுக்குப் போனேன். பக்கம் முடிகிற நேரம், முதலில் அங்கேதான் போக வேண்டியிருந்தது.

"படம்? எப்பவும் போடுற பிளாக்தானே சார்?" என்று அச்சுக் கோப்பவர் கேட்டார். பிளாக் அவர்கள் அலமாரியிலேயே இருந்தது.

படம் இல்லாத செய்தி உள்பக்க மூலைக்குப் போய்விடும். "எப்பவும் போடுறதுதான்" என்றேன். கீழே வர வேண்டிய வரியையும் நானே சொன்னேன்: நேற்று உற்சாகத்துடன் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளி.

மறுநாள் காலை ஜேன் வீட்டுக்குப் போனேன். அழுது வீங்கிய கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. ராத்திரி பூரா எனக்கு உசிரே இல்ல. மில்லுல ஒருத்தர் வெந்துட்டாருன்னு தெருவெல்லாம் பேச்சு. இவரும் வரல. விடிஞ்சதும் பக்கத்து வீட்டுக் கமலம்மாக்கா பேப்பர் கொண்டாந்து படிச்சாங்க, நேத்து வேலை செஞ்சிக்கிட்டிருந்தாருன்னு படத்துக்குக் கீழ போட்டிருக்காம். பாருங்க, எப்படி இளிச்சிக்கிட்டு நிக்கிறாரு. தொரைக்கு வீட்டுக்கு வரத்தான் நேரமில்ல."

பேப்பரை என் முன்னால் விரித்தாள். நல்ல இடத்தில் போட்டிருந்தார்கள். முதல் பக்கம்.

"பேப்பர்ல போட்டா நிஜந்தானேண்ணே? நீங்கதானே சொல்லுவீங்க."

"நிஜந்தான்" என்றேன்.

"அப்ப உக்காருங்க. அவருக்கு எடுத்து வச்சது கெடக்கு. இனி எங்க வந்து திங்கப்போறாரு, கேண்டீன்லயே முடிச்சிருப்பாரு."

அவளுக்கு விஷயத்தை அன்று மத்தியானம் பசவராஜ்தான் வந்து சொன்னான். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அவள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளும்படி அவன் சொல்லியிருக்கலாம்.

எந்தப் பத்திரிகையிலும் இந்தச் சாவு ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். அது என் வேலை, ஐயா. அலறல் எனக்குக் கேட்டது. வேன் வாசலில் நின்றது. யார் என்று தெரிந்தேதான் கொடுக்கவில்லை. படத்தையும் தெரிந்தேதான் போட்டேன்.

அன்று காலை ஜேன் வைத்தது முந்தைய நாள் மீன் குழம்பு. மாப்பிள்ளைக்கென்று ஒதுக்கியிருந்த தலையை எனக்கே வைத்தாள். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொன்னேன்.