வெள்ளிமலைக்குப் போன வூடு

சந்தியா: ...அது வேறப்பா. ஆஸ்திரேலியாவுல காருக்குப் பின்னால ஒரு வூட்டையே மாட்டி இழுத்துக்கினு போறாங்க. கட்டிலு, அடுப்பு எல்லாம் அதுக்குள்ளயே. நாள் பூரா போனாலும் வழியில ஒரு ஆளு கெடையாதாம்.

சுப்புராயன்: நம்ம குட்டியானை வண்டிக்கு இன்னா கொறச்சல்? பின்னால கயித்துக் கட்டிலு கீது, கேஸ் அடுப்பு கீது, மேல தார்ப்பாய் கட்டியாச்சு. இதுவும் வூடுதான்.

நிர்மலா: தார்ப்பாயில மரவள்ளி மண்ணு இன்னும் ஒட்டிக்கினு கீது. ராத்திரி மூஞ்சியில கொட்டும்.

சுப்புராயன்: கெழங்கு லோடு அடிக்கிற வண்டியில மல்லியப்பூவா கொட்டும்? உங்கப்பன் வூட்டுலேந்து ஒரு புதுத் தார்ப்பாய் கொண்டாந்திருக்கலாம் இல்ல...

நிர்மலா: எதுத்தாப்புல பஸ்ஸு. ஓரம் கட்டுங்க.

சுப்புராயன்: தெரியுது.

நிர்மலா: இன்னும் கொஞ்சம்... ம், போதும்.

சுப்புராயன்: கச்சிராயபாளையம் தாண்டுனதுலேந்து பஸ்ஸு, லாரி, சைக்கிள்னு சொல்லிக்கினே வர. நான் இன்னா நேத்தா ஸ்டீரிங் புடிச்சேன்?

நிர்மலா: சும்மா வாய் வலிக்குதேன்னு சொன்னேன்.

சந்தியா: வாய் வலிச்சா பேசாம இருப்பாங்கம்மா. அப்பா, ராத்திரி எங்க நிறுத்தப்போற?

சுப்புராயன்: வெள்ளிமலை தாண்டி சாமை வெதைக்கிற மேடு ஒண்ணு கீது. மழையில மாட்டிக்கினா லோடோட அங்கதான் படுப்பேன். காலையில எழுந்து பாத்தா மேகம் நம்ம காலுக்குக் கீழ போய்க்கினு இருக்கும். அத ஒரு தபா உங்களுக்குக் காட்டணும்.

நிர்மலா: இத்தினி வருசமா காட்டணும்னு தோணல.

சுப்புராயன்: இப்ப தோணுச்சு... பாப்பா, அந்த போர்டுல இன்னா போட்டுக்கீது?

சந்தியா: இம்மாம் பெருசா எழுதியிருக்கு. 'வளைவுகளில் ஒலி எழுப்பவும்'.

சுப்புராயன்: காலேஜ் போற புள்ளைக்குத் தமிழ் படிக்க வருதான்னு பாத்தேன்.

சந்தியா: காலையிலேந்து எல்லா போர்டையும் என்னையே படிக்கச் சொல்ற.

சுப்புராயன்: படிச்சா தேய்ஞ்சா போயிடுவ? பாரு, ஏற ஏற பனி எறங்குது.

சந்தியா: பனியா? வெயிலு சுள்ளுனு...

நிர்மலா: சந்தியா, தண்ணி பாட்டில எடு.

சுப்புராயன்: ஏன், பனி இல்லியா?

நிர்மலா: கொஞ்சம் கீது. மெதுவா போங்க. ஏங்க... ஆடு. ஆடுங்க. பிரேக்கு, பிரேக்கு போடுங்க...

சந்தியா: அப்பா...

சுப்புராயன்: பட்டுச்சா?

சந்தியா: இல்ல. குட்டி... அந்தாண்ட ஓடிப்போச்சு. ஆனா அப்பா, என் பக்கத்துச் சக்கரம் கல்லு மேல ஏறி நிக்குது. கல்லுக்கு அந்தாண்ட பள்ளம்.

சுப்புராயன்: எங்கேந்து வந்துச்சு அது?

நிர்மலா: எங்கேந்தும் வரல. நாம திரும்பசொல்லவே ரோட்டு மேல, உங்க வலது பக்கமா நின்னுக்கினு இருந்துச்சு. இஞ்சின நிறுத்துங்க.

சுப்புராயன்: ...நான் பாக்கல, நிர்மலா.

நிர்மலா: சரி.

சுப்புராயன்: பாக்கலன்னா... தெரியல. வலது கண்ணு மூடிக்கினே வருது. இன்னொண்ணும் மங்கிக்கினு கீது. நரம்பு காயுதாம். போனது போனதுதான், சொட்டு மருந்து போட்டா மிச்சத்த காப்பாத்தலாம்னு டாக்டரு சொன்னாரு. வண்டியத் தொடாதன்னும் சொன்னாரு.

சந்தியா: அப்புறம் ஏம்ப்பா மலைக்கு...

சுப்புராயன்: வண்டிய வுட்டுட்டா நான் உங்கள எங்க கூட்டிக்கினு போவேன்? நீங்கதான் என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போவீங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தபா... தப்புதான். உங்க ரெண்டு பேர வெச்சிக்கினு ஏறியிருக்கக் கூடாது.

நிர்மலா: கூடாதுதான்.

சுப்புராயன்: திட்டு. வாங்கிக்கறேன்.

நிர்மலா: எறங்கி இந்தப் பக்கம் வாங்க.

சுப்புராயன்: இரு, வண்டி ஸ்டாண்டுல நம்ம டிரைவர் முனியன் இருப்பான். போன் போடறேன், வந்து வண்டிய எறக்கட்டும்.

நிர்மலா: முனியன் எதுக்கு? வாங்கன்றேன் இல்ல. சந்தியா, நடுவுல நகரு.

சுப்புராயன்: ஏய், நீ எங்க அந்த சீட்டுல... வெளையாடற எடமா இது?

சந்தியா: அப்பா, அம்மா கிட்ட லைசென்ஸ் கீது.

சுப்புராயன்: இன்னாது?

நிர்மலா: கோமுகி அணையாண்டயே வண்டியக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க என்னமோ பாட்டு பாடிக்கினு வந்தீங்க. கேக்க வாய் வரல. எம்மேலயும்தான் தப்பு.

சுப்புராயன்: ...மலையில ஓட்டியிருக்கியா?

நிர்மலா: இல்ல. அடுத்த வளைவு எப்படின்னு நீங்க சொல்லுங்க. எதுத்தாப்புல வர்றத நான் பாத்துக்கறேன்.

சுப்புராயன்: கீழதான போறோம்?

நிர்மலா: மேலதான். பாதியில திரும்பவா இத்தினி சட்டி பானைய ஏத்திக்கினு வந்தோம்?

சுப்புராயன்: அப்ப கொஞ்சம் பின்னால எடு... ஒடிச்சுத் திருப்பு... ம். மொத கியர்லயே போ. எடது கை வளைவு வரும், அகலமா எடுத்துக்கோ... நல்லாதான் ஓட்டற. எப்ப கத்துக்கின?

நிர்மலா: டயர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு பாண்டிச்சேரிக்குப் போனீங்க இல்ல? ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸு போர்டு தெரியாம யாரோ ஒரு ஆளக் கேட்டுக்கினு நின்னீங்க. சந்தேகப்பட்டு உங்க பின்னாலயே வந்த நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். மறுநாளே சின்னசேலம் போயி டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேன்.