கிளப் புல்தரையை வெட்டியது யார்?

தலைமை நாற்காலியைத் தம் பெருமையால் நிறைத்தும், அதன் ஒரு கால் ஆடுவதைத் தம் பொறுமையால் மறைத்தும் வீற்றிருக்கும் ஹலீம் ஹாஜியார் அவர்களே, வரக்காப்பொல கடைவீதியின் வணிகப் பெருமக்களே, வயதால் மூத்து வாக்கால் கனிந்த பெரியோர்களே, இவன் எப்போது முடிப்பான், நாம் எப்போது அடுப்பைப் பார்ப்பது என்று திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, முடிவில் தேநீர் தருவார்கள் என்று கேள்விப்பட்டு முன்கூட்டியே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் பீங்கான் கடை இராமையாவின் வணக்கம், ஸலாம்.

'காசு செலவில்லாமல் வியாபாரத்தை விளம்பரம் செய்வது எப்படி?' இதுதான் சங்கத்தார் எனக்கு அளித்த தலைப்பு. ஏன் எனக்கு அளித்தார்கள்? என் கடைக்கு நான் இன்றுவரை ஒரு பலகைகூட மாட்டியதில்லை. செலவே செய்யாதவன்தானே செலவில்லாத வழியைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். பொருத்தமான தேர்வு. ஆனால் நான் என் கடையைப் பற்றிப் பேசப் போவதில்லை. புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். புல் என்றால் அற்பமா? மாடு தின்னும் புல் அற்பம். துரை நடக்கும் புல் அற்பமா? அதற்கு உரம் உண்டு, உருளை உண்டு, வெட்டுவதற்கென்று சீமையிலிருந்து கப்பலேறி வந்த மெஷின் உண்டு. நம் பிள்ளைகளுக்கு முடிவெட்ட நாளாகலாம். துரையின் புல்லுக்கு நாளாகக் கூடாது. அப்படிப்பட்ட மெஷின் ஒன்றை, ரப்பர் விலை விழுந்து ஒரு துரை பங்களாவைக் காலி செய்துகொண்டு போனபோது, ஏலத்தில் எடுத்தார் நம் இரும்புக்கடை லாபிர் நானா. எதற்காக எடுத்தார்? அது என்னவென்று தெரியாமல் எடுத்தார். அதுவும் வியாபாரத்தில் ஒரு வகை வீரம்தான்.

அந்த மெஷினோடு ஒரு மனிதனும் வந்து சேர்ந்தான். கன்னையா. அதே பங்களாவில் அதே மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தவன். துரை போனார், வேலை போனது. அவனுக்கும் அவன் மனைவி பரிமளத்துக்கும் ரப்பர் தோட்டத்தில் இனி இடமில்லை. மாத முடிவில் லொறி வரும், அம்பேபுஸ்ஸ ஸ்டேஷனில் இறக்கும், ரயிலேறித் தலைமன்னார், கப்பலேறி இந்தியாவில் இருக்கும் 'ஊர்' என்று கங்காணி சொல்லிவிட்டார். எந்த ஊர்? கன்னையா பிறந்தது இங்கே. அவன் தகப்பன் பிறந்ததும் இங்கே. உன் ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்பவன் அவன். காணாத ஊருக்கு, தெரியாத தெருவுக்கு, யாருமற்ற வாசலுக்கு அனுப்புவதற்கு 'திருப்பி அனுப்புதல்' என்று பெயர் வைத்தார்கள். வேறு வேலை கிடைத்தவர் மட்டும் இருக்கலாம். ஆகவே நான் சொல்லப்போகும் விளம்பரம் வெறும் விளம்பரம் அல்ல. அது பலித்தால் அவன் இருப்பான். பலிக்காவிட்டால் போவான்.

லாபிர் நானா அவனிடம் சொன்னார்: "மெஷின் என்ட, கை ஒன்ட. பங்களா பங்களாவாப் போய்ப் புல்லு வெட்டுவோம். ரெண்டு பேரும் கூட்டு. ஆனா சல்லி செலவழிக்க ஏலாது, கேட்டியா?"

"செலவு வேணாங்க நானா, வேலை வந்தாப் போதுங்க," என்றான் கன்னையா.

முதல் உத்தி, தப்பு. கன்னையாவின் உறவுக்காரர் ஒருவர் தப்படிப்பவர். ஒரு வேளைச் சோற்றுக்குக் கடைவீதி முழுதும் அடித்து, புல் வெட்டும் செய்தியை முழங்குவதாக ஒப்பந்தம். அடித்தார். அழகாக அடித்தார். ஆனால் அன்பர்களே, தோட்டத்து மக்களுக்குத் தப்பு எதற்கு அடிக்கும்? விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு அடிக்கும், இல்லையேல் சாவுக்கு அடிக்கும். விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டதால் எல்லோரும் இரண்டாவதையே எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து லய வீடுகளிலிருந்து பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்து, "யாருங்க போனது?" என்று, தப்பு வந்து நின்ற லாபிர் நானாவின் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் உயிரோடு வெளியே வந்து நின்ற பிறகும் சிலர் நம்பவில்லை.

இரண்டாவது உத்தி, துண்டுப் பிரசுரம். பின்வரிசையில் யார் சிரிப்பது? பேக்கரி முஹ்ஸின் அவர்களா? சிரியுங்கள், உங்கள் பாகம்தான் வருகிறது. பங்களாக்களுக்குப் பாண் போவது முஹ்ஸின் அவர்களின் பேக்கரியிலிருந்து. பாணைச் சுற்றும் தாளிலேயே விளம்பரத்தை அச்சடித்தால் என்ன? ஆகா, அற்புதமான எண்ணம். ஆங்கிலத்தில் எழுதி, அழகாக அச்சடித்து, பாணைச் சுற்றி அனுப்பினார்கள். பலன் என்ன? துரை என்றைக்காவது பாண் சுற்றிய தாளைப் பார்த்திருக்கிறாரா? பாண் குசினிக்குப் போகும். குசினியில் சமையல் பார்க்கும் அப்பு பிரிப்பார். பாண் தட்டுக்குப் போகும், தாள் அடுப்புக்குப் போகும். அந்த வாரம் முழுதும் பங்களா அடுப்புகள் எல்லாம் நம் லாபிர் நானாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி எரிந்தன.

மூன்றாவது உத்திதான் மூளை. அதை நினைத்தது கன்னையா. மலைமேல் துரைமார் கூடும் கிளப் இருக்கிறதல்லவா? அதன் முன்னால் பெரிய புல்தரை. அதை வெட்டிக்கொண்டிருந்தவனும் லொறியேறிப் போய்விட்டதால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. "முழுசா வெட்ட வேணாங்க நானா. சரிபாதி வெட்டுவோம். பாதியை அப்படியே விடுவோம். நடுவுல ஒரு பலகையில நம்ம பேரை நடுவோம். பாக்கிறவங்க ரெண்டையும் பாக்கட்டுங்க," என்றான்.

யோசித்துப் பாருங்கள். பேச்சில்லை, பாட்டில்லை, பணமில்லை, பத்திரமில்லை. செய்த வேலை ஒரு பக்கம், செய்யாத வேலை ஒரு பக்கம். இதைவிடச் சிறந்த விளம்பரத்தைக் கொழும்பிலே கண்ணாடி மாளிகை கட்டியிருக்கும் கம்பெனிக்காரன் கண்டானா? காசைக் கொட்டிக் கத்துகிறவன் கண்டானா?

கிளப்புக்குள் எப்படிப் போனார்கள் என்கிறீர்களா? வாசல் வழியாகத்தான் போனார்கள். நானும் நீங்களும் வெள்ளை உடுப்பு உடுத்திக்கொண்டு போனால் காவல்காரன் தடுப்பான். புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகும் கூலிக்காரனை உலகத்தில் எவனும் எங்கும் தடுத்ததில்லை. கன்னையா வெட்டினான். நூல் பிடித்த மாதிரிப் பாதி வெட்டினான். பலகையை நட வேண்டியவர் லாபிர் நானா. கிளப்பின் கொடிமரத்தைக் கண்டார். பலகையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டார். விளம்பரம் நின்றது, பெயர் மட்டும் வீடு திரும்பியது.

சனிக்கிழமை துரைமார் வந்தார்கள். பந்து விளையாடினார்கள். வெட்டிய பக்கம் பந்து ஓடியது, வெட்டாத பக்கம் பந்து ஒளிந்தது. துரைசானிமார் வெட்டிய பக்கமே நாற்காலி போடச் சொன்னார்கள். இதைச் செய்தவன் யார், உடனே கூட்டி வா, இனி எப்போதும் அவனே வெட்டட்டும் என்று கிளப் அப்புவுக்குக் கட்டளை பிறந்தது. வெற்றி, அன்பர்களே. விளம்பரம் வென்றது. இனி என்ன குறை?

நாம் குறை. நம் கடைவீதி குறை.

அப்பு நல்ல சேதி கொண்டுவந்தாலும் வாரண்டு கொண்டுவந்த முகத்தோடுதான் வருவார். கடைவீதியின் நடுவில் நின்று, "கவுத மேக்க கெப்புவே? கிளப் புல்லை வெட்டினது யாரு?" என்று அதட்டினார். நாம் என்ன செய்தோம்? காலங்காலமாகச் செய்வதைச் செய்தோம். மேலே இருந்து எவன் வந்து எதைக் கேட்டாலும் நமக்கு ஒரே விடைதானே. 'தன்னே நே.' தெரியாது. துணிக்கடையில் தன்னே நே. தேத்தண்ணிக் கடையில் தன்னே நே. பேக்கரியில் தன்னே நே. மெஷினைச் சாக்குப் போட்டு மூடி அதன்மேல் தாமே உட்கார்ந்திருந்த லாபிர் நானா, "இந்தப் பக்கத்தில புல்லு வெட்டுற பழக்கமே இல்லையே, அப்பு மாத்தயா," என்றார். நம் தலைவர் ஹாஜியார் ஒருபடி மேலே போய், புல்லா, அது என்ன என்று கேட்டார். இல்லையா, ஹாஜியார்? தலையாட்டுகிறார், பதிவு செய்துகொள்ளுங்கள்.

காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். நம்மவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற நேசம். நாம் கூடி நின்று, ஒரே குரலில், ஒரே சொல்லில், அவனைக் காப்பாற்றிக் காப்பாற்றி லொறியில் ஏற்றிவிட்டோம். கிளப்பார் தேடுகிறார்கள் என்று கேட்டதும் கன்னையா பயந்து ரப்பர் காட்டுக்குள் போய்ப் பதுங்கினான். லொறி வந்த அன்றுதான் வெளியே வந்தான், பெட்டியைத் தூக்குவதற்கு.

லொறி நம் கடைவீதியில் தேத்தண்ணிக்கு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மறக்க முடியுமா? சட்டிபானையும் சாக்கு மூட்டையுமாக அவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கன்னையா தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து அப்பு மறுபடி வந்தார். மறுபடி கேட்டார். ஆள் கண்ணெதிரே லொறியில் இருக்க, நாம் மறுபடியும் சொன்னோம்: தன்னே நே.

லொறியின் மேலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். பரிமளம்.

"எங்க வீட்டுக்காரருதாங்க வெட்டுனாரு," என்றாள். "இந்தா இருக்காரு, பேரு கன்னையா. தப்புன்னா புடிச்சிக்கிட்டுப் போங்க."

கன்னையா அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். "ஏய், உக்காரு புள்ள. செயிலுல போட்டுருவாங்க."

"போடட்டும். செயிலுன்னாலும் இந்த நாட்டுலதானே இருக்கு."

சபையோரே, இந்தச் சொல்லைக் கேட்டு நான் என் கடை வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. சிறைச்சாலையை ஒரு பெண் புகலிடமாகக் கேட்கிறாள்; ஒரு கடைவீதியே வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது.

அப்பு லொறியை அண்ணாந்து பார்த்தார். "அட, நீயா? ஒன்னைத்தானே ஊரெல்லாம் தேடித் தேடிக் காலு தேஞ்சு போச்சு. மிச்சப் பாதியை யாரு வெட்டுறது? எறங்கு," என்றார். பெயர் எழுதியாகிவிட்டதே என்று கங்காணி முணுமுணுத்தார். வேலையுள்ளவனை அனுப்பக் கூடாது என்பது சட்டம், வேண்டுமானால் கிளப்புக்கு வந்து துரையிடம் கேள் என்றார் அப்பு. கங்காணி கேட்கப் போகவில்லை. கன்னையா இறங்கினான். பரிமளம் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இன்று கிளப்புக்கும் பங்களாக்களுக்கும் அவன்தான் வெட்டுகிறான். லாபிர் நானா பலகையைத் தைரியமாகக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார். கன்னையாவை அப்புவுக்குக் காட்டியது நான்தான் என்று சொல்லிக்கொள்பவர்களை மட்டும் கூட்டினால் இந்த மண்டபம் நிறையும். கைதட்டுங்கள். தட்டிவிட்டீர்களா? சரி. இனிச் சொல்லப் போவதற்குத் தட்ட மாட்டீர்கள்.

அந்த லொறி காலியாகப் போகவில்லை. இருவர் இறங்கினார்கள், மற்றவர்கள் போனார்கள். அதில் ஒருவர் பங்களாக் குசினியில் காலமெல்லாம் பாண் சுட்டவர். லொறி நின்றது எந்தப் பலகைக்கு நேரே? 'வேலைக்கு ஆள் தேவை' என்று பேக்கரியில் தொங்கும் பலகைக்கு நேரே. முஹ்ஸின், உங்களை மட்டும் சொல்லவில்லை. என் கடையிலும் பீங்கானை வைக்கோலில் பொதிய ஆள் இல்லை. லொறியில் கூடை முடைகிற பெண் ஒருத்தி இருந்தாள், அவள் விரல்களை நான் பார்த்தேன். ஹாஜியாரின் கிட்டங்கிக்குத் தச்சன் வேண்டும். தச்சனும் அதில் இருந்தான். தேடுகிறவர் கீழே, தேடப்படுகிறவர் மேலே, நடுவில் ஒரு லொறியின் பலகை. அவர்களுக்காக எழுந்து நிற்க ஒரு பரிமளம் இல்லை. தேத்தண்ணி குடித்தார்கள், கண்ணாடிக் குவளைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள், போய்விட்டார்கள்.

காசு செலவில்லாத விளம்பரம் எது என்றுதானே கேட்டீர்கள்? இதோ சொல்கிறேன். இவன் பாண் சுடுவான் என்று சொல்லுங்கள். இவள் கூடை முடைவாள் என்று சொல்லுங்கள். இவனை எனக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். அதற்குத் தாள் வேண்டுமா? மை வேண்டுமா? தப்பு வேண்டுமா? பிறர் பொருளை விற்க நாளெல்லாம் கத்துகிற வாய், ஒரு மனிதனின் பெயரைச் சொல்வதற்கு மட்டும் ஏன் கூசுகிறது?

வருகிற வெள்ளிக்கிழமை அடுத்த லொறி வருகிறது. இதே வீதியில்தான் நிற்கும், இதே கடையில்தான் தேத்தண்ணி. யார் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று கீழே நின்று நாம் கேட்போமா? யாருக்கு ஆள் வேண்டும் என்று வாய்திறந்து சொல்வோமா? நான் போய் நிற்கப் போகிறேன். கூட வருபவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள். பார்க்கிறேன். ஹாஜியார் தூக்கிவிட்டார். முஹ்ஸினும் தூக்கிவிட்டார். லாபிர் நானா, உங்கள் கை எங்கே? அதோ, சாரத்துக்குள்ளிருந்து வெளியே வருகிறது.

பேச இடமளித்த சங்கத்தாருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், அடுப்பை மறந்து அமர்ந்திருந்த அன்னையருக்கும் என் நன்றி. வெள்ளிக்கிழமை லொறியடியில் சந்திப்போம். வணக்கம், ஸலாம்.