மூக்கு தேய்ந்த ராஜா

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ராஜா மூக்கத் தேய்ச்சதே நீங்கதான்" என்று அந்தப் பெண் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆவும், உனக்குக் காட்டலாம்னு நெனச்சேன்" என்றார் கணவர்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கும்போது அவர்கள் நிலத்தில் கிடைத்த, ராஜா முகம் பொறித்த செப்புக்காசு அது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்கு நாணயம் சேர்க்கும் ஆசையே வந்திருக்கிறது. இன்று திண்டிவனத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். தேய்த்த காசுக்கு மதிப்பில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

"அங்கயே பழங்காசு ஒண்ணு வாங்கித் தர்றேன்னேன். நீதான் வேணாம்னுட்ட."

"காசு குடுத்தா யார் வேணா வாங்கலாங்க. இது நம்ம மல்லாட்டக் கொல்லையில கெடச்சது. மூக்கு இல்லன்னாலும் இதான் என் மொதல் காசு."

அவள் காகித உறையிலிருந்து காசை எடுத்தாள். கணவர் கை நீட்டினார்.

"நடுவுல தொடாதீங்க. ஓரத்தப் புடிங்க."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த தபா செடி புடுங்கறப்போ நானும் தரையப் பார்த்துக்கினே வர்றேன்."

"பாருங்க. கெடச்சா மண்ணக்கூடத் தொடைக்காதீங்க. என்னக் கூப்பிடுங்க."